நாலு ராமநாதபுரமும் ஒரு ஐஸ் கம்பெனியும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஐஸ் கேட்டு ஆள் வராது. எங்கள் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓடும் சத்தம் நின்று, காக்கை கத்துவது கேட்கும். மண்டபம் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அமைதி ஒரு பயம். வருமானம் இல்லாத இரண்டு மாசத்தின் சத்தம் அது.

போன தடைக்காலத்தில் இரண்டு கேள்விகள் ஒரே வாரத்தில் என்னிடம் வந்தன. முதுகுளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தார். "சோலார் கம்பெனிக்காரய்ங்க வந்து பாத்துட்டுப் போயிருக்காய்ங்க மாப்ளே. ஏழு ஏக்கரையும் முப்பது வருஷக் குத்தகைக்குக் கேக்குறாய்ங்க. நீ கணக்குப் பாக்குறவன், யோசிச்சுச் சொல்லு." அடுத்தது எங்கள் சங்கக் கூட்டத்தில். மன்னார் வளைகுடாவில் கடலுக்குள்ளேயே காற்றாலை நடப் போகிறார்களாமே, ஊர் சார்பில் என்ன சொல்வது என்று பெரியவர்கள் கேட்டார்கள். மூன்றாவது கேள்வி நானே என்னைக் கேட்டுக்கொண்டது: எங்கள் தகரக் கூரை மேல் சூரியத் தகடு போட்டால் கட்டுப்படியாகுமா?

மூன்றும் ஒரே கேள்விதான் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது. நாட்டுக்கு இவ்வளவு சுத்தமான மின்சாரம் வேண்டும். அதில் எங்கள் கரை எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, எதை முதலில் செய்யலாம்? அன்றிலிருந்து நான் எழுதிவைத்த கணக்கை இங்கே வைக்கிறேன். என் முடிவையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் நாட்டின் தேவை

மின்சாரம் வேறு, எரிசக்தி வேறு. இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாசத்துக்கு 200 யூனிட் மின்சாரம், வருஷத்துக்கு 1,200. சமையலுக்கு ஏழு சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது, ஏழுக்கு 1,260. பைக்குக்கு மாசம் எட்டு லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 9 யூனிட் வீதம் வருஷத்துக்கு 860 சொச்சம். ஆக மொத்தம் 3,300 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிறோம். மின்வாரியத்துக்குத் தெரிந்தது அதில் மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான். படகு டீசலை இதில் சேர்க்கவில்லை. லிட்டருக்குப் பத்து யூனிட் வெப்பம் கொண்ட டீசல், கடலில் நாள் கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் ஒவ்வொரு தங்கலுக்கும் பீப்பாய்க் கணக்கில் போகிறது. அதைச் சேர்த்தால் எங்கள் ஊரில் மின்சாரம் ஒரு ஓரத்துக்குப் போய்விடும்.

நாட்டுக்கும் இதே கதைதான். இந்தியா 2023-இல் செலவழித்த மொத்த முதன்மை எரிசக்தி, அதாவது நிலக்கரி, எண்ணெய், வாயு என எல்லா மூலங்களும் சேர்த்து, சுமார் 39 எக்ஸாஜூல். நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால் 10.8 லட்சம் கோடி யூனிட். அதில் பாதிக்கு மேல் நிலக்கரி. மின்சாரமாக உற்பத்தியாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி யூனிட். அதிலும் முக்கால் பங்கு நிலக்கரியை எரித்து வருவது.

இந்த 10.8-ஐப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். அதை அப்படியே சூரியனிடமும் காற்றிடமும் கேட்க வேண்டிய தேவை இல்லை. அனல்மின் நிலையத்தில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மீதி சூடாகவே வெளியே போகிறது. பெட்ரோல் பைக் 50 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், அதாவது 9 யூனிட் குடிக்கும். மின்சார ஸ்கூட்டர் அதே தூரத்தை இரண்டு யூனிட்டுக்குள் முடித்துவிடும். எரிப்பதை விட்டு மின்சாரத்துக்கு மாற மாற மொத்தத் தொகையே சுருங்கும். ஆனால் மின்சாரத்தின் தொகை வளரும். இன்றைய 1.8 லட்சம் கோடி என்பது அடித்தளம் மட்டுமே. அடுத்த தலைமுறைக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வதே நேர்மை.

இப்போது நம் மாவட்டத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். கமுதியில் 2016-இல் திறக்கப்பட்ட சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய நிலையங்களில் அப்போது உலகிலேயே பெரியது. சூரியத் தகடு இரவில் தூங்கும், காலையிலும் மாலையிலும் அரைத்தூக்கம். ஆண்டு முழுக்கச் சராசரி எடுத்தால் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓடும். அந்தக் கணக்கில் கமுதி ஆண்டுக்குத் தரக்கூடியது சுமார் 113 கோடி யூனிட். நாட்டின் 1.8 லட்சம் கோடியை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 1,600 கமுதிகள் வேண்டும். 1,600-ஐ 2,500 ஏக்கரால் பெருக்கினால் 40 லட்சம் ஏக்கர், அதாவது 16,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நம் ராமநாதபுரம் மாவட்டம் ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர்.

நாலு ராமநாதபுரம். இந்தியா முழுக்க இன்று எரியும் விளக்கும் ஓடும் ஆலையும் சுற்றும் பம்புசெட்டும் எல்லாம் நாலு ராமநாதபுரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நாட்டின் பரப்பில் இது அரை சதவீதம். இரவுக்குச் சேமித்து வைக்கும் செலவும் இழப்பும் தனி. இருந்தாலும் விடை வந்த அன்று நான் பேப்பரை இரண்டு தரம் சரிபார்த்தேன். முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாத அளவு அது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அந்த நாலு ராமநாதபுரமும் எங்கோ பாலைவனத்தில் மட்டும் இருக்கப் போவதில்லை. ஒரு துண்டு நம் மச்சான்களின் புஞ்சையில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. செய்திகளில் வருவது மெகாவாட், கிகாவாட் கணக்கு. 2025 நடுவில் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற எரிபொருள் சாராததாகிவிட்டது என்ற செய்தி வந்தது, உண்மைதான், பெருமைப்படத்தக்கதும்கூட. 2030-க்கு வைத்த இலக்கு ஐந்து ஆண்டு முன்பே எட்டப்பட்டது. ஆனால் அந்தப் பாதித் திறனிலிருந்து வருவது மொத்த யூனிட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். படகின் குதிரைத்திறனைச் சொல்லிப் பெருமைப்படுவது வேறு, பிடித்து வந்த மீனை எடை போடுவது வேறு. அதனால் கீழே எல்லாவற்றையும் யூனிட்டில்தான் எடை போட்டிருக்கிறேன்.

நிலக்கரி: எங்கள் கரையில் வந்துவிட்டுப் போனது

உப்பூர்க் கடற்கரையில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் வருவதாக இருந்தது. கடலுக்குள் பாலம் போட்டதை மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பணிகளை நிறுத்தச் சொன்னது. நியாயமாக அதன் பக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். திறனில் மூன்றில் இரண்டு பங்கு ஓடியிருந்தாலே ஆண்டுக்கு 900 கோடி யூனிட்டுக்கு மேல் தந்திருக்கும், அதாவது எட்டு கமுதி. இரவிலும் ஓடியிருக்கும். அதற்கு ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டன் நிலக்கரி எரிந்திருக்கும். நம் நாட்டு நிலக்கரியானால் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகி இங்கேயே குவிந்திருக்கும். சூடேறிய தண்ணீர் பாக் நீரிணையின் ஆழமில்லாத கடற்புல் பரப்புக்குள் போயிருக்கும். கடற்புல் போனால் இறால் குஞ்சு போகும், ஆவுளியா என்ற கடல்பசு போகும், நண்டு வலைக்காரன் போவான். இந்தத் தெரிவைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை. அது முடிந்த கதை, முடிந்ததே நல்லது.

வழுதூரில் இருக்கும் எரிவாயு மின்நிலையம் இரண்டு அலகும் சேர்த்து 187 மெகாவாட். நம் மாவட்டத்து மண்ணுக்கடியிலிருந்து வரும் வாயுவில் ஓடுவது. நிலக்கரியைவிடக் கரிப்புகை குறைவு, வேண்டும்போது கூட்டிக் குறைக்கலாம். மாலை நேரத்துக்குத் துணையாக இருக்கட்டும். புதிதாக அதை நம்பி எதையும் கட்டுவதற்கில்லை.

சீமைக்கருவேலத்தை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனையும் உண்டு. நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை, கரிமூட்டம் போட்டே எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் ஒரு ஏக்கர் கருவேலம் பல வருஷம் வளர்ந்து தரும் மின்சாரத்தை ஒரு ஏக்கர் சூரியத் தகடு சில வாரத்தில் தந்துவிடும். மரத்தை வெட்டி அகற்றும்போது கிடைக்கும் விறகை வீணாக்காமல் இருக்க அது உதவும், அவ்வளவே.

மச்சானின் ஏழு ஏக்கர்

கமுதி நிலையத்துக்கு 2,500 ஏக்கர், 648 மெகாவாட். மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர். மச்சானின் ஏழு ஏக்கரில் ஒன்றேமுக்கால் மெகாவாட் வரும். ஆண்டுக்கு முப்பது லட்சம் யூனிட். நாட்டுக் கணக்கில் சராசரி இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் செலவழிக்கிறார். ஒரு குடும்பத்தின் வானம்பார்த்த பூமி இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தரும். இந்த எண்ணைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கடன் என்று இருந்த மண் அது.

விலையும் இப்போது சூரியனின் பக்கம்தான். கமுதி கட்டியபோது யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று ஒப்பந்தம். 2017 மே மாசம் ராஜஸ்தான் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. இரண்டு வருஷத்துக்குள் அவ்வளவு வீழ்ச்சி. புதிதாக எந்த மின்நிலையம் கட்டினாலும் பகல் மின்சாரத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பின் ஏன் தயக்கம்? முதல் காரணம் தண்ணீர். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டம் என்றாலும், நம் முன்னோர் பெய்த மழையைப் பிடித்து வைக்க ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டியவர்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்கள். நாரையே பறந்து கடக்க முடியாத நீளமாம். கண்மாய் உயிரோடு இருப்பது, அதற்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலால். ஐந்நூறு ஏக்கரை வேலி போட்டு, மேடு பள்ளம் நிரவி, சாலை போட்டால், பழைய வரைபடத்தில் மெல்லிய கோடாக இருக்கும் வரத்துக்கால் மண்ணுக்குள் போய்விடும். தகட்டின் கீழே இருக்கும் ஏழு ஏக்கருக்குக் குத்தகை கிடைக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கண்மாயின் ஆயக்கட்டுக்காரருக்கு யார் கொடுப்பார்கள்? சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைக் கண்மாய்கள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கும் தண்ணீர் இதே மாதிரிக் கால்களில்தான் வருகிறது.

அடுத்தது ஆடு. குத்தகைக் கணக்கில் நிலத்துக்காரர் பெயர் மட்டும்தான் வரும். அறுவடை முடிந்த புஞ்சையில் மேய்த்துப் பிழைப்பவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. வேலை கிடைக்கும் என்று சொல்வார்கள். கட்டும்போது கிடைக்கும், கமுதியில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்து சில மாசத்தில் கட்டி முடித்தார்கள். கட்டி முடித்த பின் தகட்டைத் துடைப்பதைக்கூட இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. தண்ணீர் மிச்சமாகிறது என்ற வகையில் அதை நான் வரவேற்கிறேன், ஆனால் வேலை என்ற வாக்குறுதியை நம்பி நிலத்தைக் கொடுக்காதீர்கள்.

மிளகாயையும் நினைக்க வேண்டும். நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உருண்டையாக, தடித்த தோலோடு வரும் அந்த வத்தல் இந்த மண்ணில்தான் அப்படி வரும். மச்சானின் ஏழு ஏக்கரில் நாலு ஏக்கர் அது விளையும் கரிசல். மீதி மூன்று, பத்துப் பதினைந்து வருஷமாகக் கருவேலம் மண்டி உள்ளே கால் வைக்க முடியாத நிலம்.

நான் சொன்னது இதுதான்: மூன்று ஏக்கரைக் கொடுங்கள், நாலைக் கொடுக்காதீர்கள். கம்பெனிக்காரர்களுக்குச் சேர்ந்தாற்போல் நிலம் வேண்டும், துண்டு துண்டாக வேண்டாம் என்பார்கள். அப்படியானால் பக்கத்துக் கருவேலக் காட்டுக்காரர்களோடு சேர்ந்து கூட்டாகப் பேசுங்கள், ஒவ்வொருவராகப் போகாதீர்கள். பத்திரத்தில் நாலு விஷயம் எழுத்தில் வர வேண்டும். வரத்துக்கால் இருக்கும் இடத்தில் இருக்கும், தூர்க்கப்படாது. குத்தகைத் தொகை வருஷா வருஷம் ஏறும். தகட்டு வரிசைகளுக்கு நடுவே ஆடு மேய விடப்படும். புல் வளர்ந்து தகட்டை மறைக்காமல் இருக்க அது கம்பெனிக்கும் லாபம். காலம் முடிந்ததும் கம்பியையும் கான்கிரீட்டையும் தகட்டையும் அவர்களே பெயர்த்து எடுத்துப் போக வேண்டும். முப்பது வருஷம் கழித்து அந்த வேலை மச்சானின் பேரன் தலையில் விழக் கூடாது.

கடலுக்குள் காற்றாலை

சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு பெரியவர் எழுந்து, "கடல்ல கால் வைக்க எடமில்லாம ஆக்கிட்டு, காத்தையுமா பிடிக்கப் போறாய்ங்க" என்றார். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் போய் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் அன்றிலிருந்து திருடர்களைப் போல ஒளிந்து எடுக்க வேண்டியதாயிற்று. சேது சமுத்திரம் என்று 2005-இல் தொடங்கித் தோண்டினார்கள், பாதியில் நின்றது. இந்தப் பக்கம் எல்லைக்கோடு, அந்தப் பக்கம் கைது. ஒவ்வொரு பெரிய யோசனையும் மீனவனின் கடலைக் கொஞ்சம் சுருக்கிவிட்டுத்தான் போயிருக்கிறது.

ஆனால் காற்றின் கணக்கைப் பார்க்காமல் ஒதுக்குவதும் தப்பு. குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்பால் உள்ள கடலில்தான் நாட்டின் கடல் காற்றாலை வாய்ப்பில் பெரும்பகுதி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பங்கு மட்டும் 35 கிகாவாட், அதாவது 35,000 மெகாவாட் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கன்னியாகுமரி முதல் ராமேசுவரம் வரை உள்ள கடல் அதில் முக்கியமானது. 2024 ஜூனில் மத்திய அரசு ஒதுக்கிய 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500, மொத்தம் 1,000 மெகாவாட். அந்த ஆயிரம் மெகாவாட் ஆண்டுக்கு 372 கோடி யூனிட் தரும் என்பது அரசு சொன்ன கணக்கு. கமுதி மாதிரி நிலத்தில் ஆயிரம் மெகாவாட் போட்டால் 175 கோடி யூனிட் வரும். கடலில் நட்ட ஒரு மெகாவாட், புஞ்சையில் போட்ட இரண்டு மெகாவாட்டுக்கு மேல் வேலை செய்கிறது. காரணம் எளிது: காற்று இரவிலும் அடிக்கும், அதன் வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் எட்டு மடங்காகும். மரமும் கட்டடமும் தடுக்காத கடலில் அந்தக் கூடுதல் வேகம் கிடைக்கிறது.

அதைவிட முக்கியம், எப்போது கிடைக்கிறது என்பது. சூரியன் மாலை ஆறு மணிக்குக் கடையைக் கட்டிவிடும். ஊரெல்லாம் விளக்குப் போட்டு மின்விசிறி சுழற்றும் நேரம் அது. கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் சாயங்காலம் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், காற்று அப்போது ஓய்வதில்லை. ஐப்பசிக்கு மேல் மேகம் மூடிச் சூரியத் தகடு சோர்ந்து கிடக்கும். காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் மேற்குக் காற்றும் நின்றிருக்கும். எங்கள் கடலிலோ வாடை அடித்துப் படகைத் தூக்கிப் போடும். தொழிலுக்குப் போக முடியாமல் நாங்கள் சபிக்கும் அந்த நாட்கள்தான் காற்றாலைக்கு விளைச்சல் நாட்கள். சூரியன் விடும் இடத்தைக் காற்று பிடிக்கிறது. வேறு எந்தத் தெரிவுக்கும் இந்தப் பொருத்தம் இல்லை.

அக்கரையிலும் பாருங்கள். இலங்கையின் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், 2020 முதல் சுற்றுகின்றன. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவுதான். நம் காற்றுத்தான் அவர்களுக்கும் அடிக்கிறது. அங்கே மேலும் காற்றாலை வைக்க முயன்றபோது பறவைகளையும் மீன்பிடியையும் சொல்லி மன்னார் மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னது நமக்கும் பொருந்தும். மைய ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் இரண்டு கரையிலும் இறங்குகின்றன. தனுஷ்கோடியில் பூநாரைக்கென்றே 2025-இல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். கடலடியில் இரும்புக் குழாயை அடித்து இறக்கும் சத்தம் ஓங்கில் என்ற டால்பினுக்கும் ஆவுளியாவுக்கும் தாங்காது. 500 மெகாவாட் காற்றாலைக்கு ஏறத்தாழ எழுபது முதல் நூறு சதுர கிலோமீட்டர் கடல் வேண்டும். நடுவில் தண்ணீர் காலியாகத்தான் இருக்கும். ஆனால் இழுவலைக்காரர் அதற்குள் போக முடியாது, கடலடியில் கேபிள் ஓடும். வழிவலை, தூண்டில்காரர்களை உள்ளே விடுவார்களா என்பதைப் பொறுத்து அது எங்களுக்குக் கடலா வேலியா என்பது தெரியும்.

இன்னொன்று: கடல் காற்றாலை ஒன்றும் புதுச் சோதனை அல்ல. டென்மார்க்கில் 1991-இல் 11 விசிறிகளோடு தொடங்கியது. அவை தம் காலத்தை முடித்து 2017-இல் பெயர்த்தெடுக்கவும் பட்டன. நட்டதைப் பிடுங்கவும் முடியும் என்பது எனக்கு ஆறுதலான செய்தி. சாம்பல் மேட்டை அப்படிப் பிடுங்க முடியாது.

கூட்டத்தில் என் கருத்தைச் சொன்னேன்: வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். தீவுகளையும் பவளப்பாரையும் விட்டு விலகிய ஆழக்கடலில் வரட்டும். எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்ற வரைபடத்தை முதலில் நாம் போட்டுக் கொடுப்போம். அவர்கள் போட்டுக் கொண்டுவந்த வரைபடத்தில் நாம் கையெழுத்துப் போடும் நிலைக்குப் போகக் கூடாது.

எங்கள் கூரை, எங்கள் ஐஸ்

வீட்டுக் கூரைத் திட்டத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் வந்த சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி போதும். நம் வெயிலுக்கு நாளைக்கு நாலு யூனிட் நிச்சயம். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த படிகளும் மலிவு. 200 யூனிட் எரிக்கும் எங்கள் மாதிரி வீட்டுக்குக் கூரைத் தகட்டால் மிச்சமாவது சொற்பம். 500-ஐத் தாண்டி, யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்டும் குளிர்சாதன வீடுகளுக்குத்தான் இது சீக்கிரம் கட்டும். கீழக்கரையில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய; அவர்கள் யோசிக்கவே தேவையில்லை.

நாட்டுக் கணக்கில் இது எவ்வளவு? மாவட்டத்தில் ஒரு லட்சம் மாடி வீடுகள் இரண்டு கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு 29 கோடி யூனிட். கமுதியில் கால் பங்கு. கூரையை மட்டும் நம்பி நாடு மாறிவிடும் என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கால் கமுதிக்கு ஒரு சென்ட் நிலமும் ஒரு பாகக் கடலும் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகட்டைத் தாங்காத ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் இருப்பவர்களுக்கு இதில் இடமே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மீன் ஏலக்கூடம், பள்ளிக்கூடம், தேவாலய மண்டபம், பள்ளிவாசல் மாடி என்று பொதுக்கூரையில் போட்டு, வரும் யூனிட்டை அந்த வீடுகளின் கணக்கில் கழிக்க வழி வேண்டும். புயலுக்குப் பின் பல பத்தாண்டுகள் கம்பி திரும்பாமல் கிடந்த தனுஷ்கோடி மாதிரியான இடங்களுக்கு இது கருணை அல்ல, கடன்.

உப்புக்காற்றைப் பற்றி விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள் ஐஇசி 61701 என்ற உப்புப்படிவுச் சோதனை தேறிய தகடா என்று கேட்டு வாங்குங்கள். தாங்கும் சட்டம் அலுமினியமாக அல்லது நன்றாகத் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாக இருக்கட்டும். இன்வெர்ட்டரை மொட்டைமாடியில் தொங்கவிடாமல் உள்ளே வையுங்கள். பாம்பனுக்குப் புயல் கூண்டு ஏறும் நாட்களை நினைத்து போல்ட்டுகளை எண்ணிப் பாருங்கள்.

இனி ஐஸ். ஒரு டன் ஐஸ் பாருக்கு ஏறத்தாழ 60 யூனிட் பிடிக்கும். எங்களுடையது நாளைக்குப் பத்து டன், 600 யூனிட். கூரை 4,000 சதுர அடி. 40 கிலோவாட் வரும், நாளைக்கு 160 யூனிட். தேவையில் கால் பங்கு. வீட்டு மானியம் ஆலைக்குக் கிடையாது. கிலோவாட்டுக்கு 50,000 என்று வைத்தால் இருபது லட்சம். ஆண்டுக்கு 58,000 யூனிட்டில் யூனிட்டுக்கு ஏழு ரூபாய் மிச்சமானால் ஐந்து வருஷத்தில் முதல் திரும்பும். தகடு இருபத்தைந்து வருஷம் உழைக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த லாபத்தைப் பற்றி மட்டுமல்ல. சூரிய மின்சாரத்தின் குறை, பகலில் மட்டும் வருவது. அதற்கு ஊர் உலகமெல்லாம் பேட்டரி தேடுகிறது. எங்களிடம் பேட்டரி தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. ஐஸ் உறையும் உப்புத்தண்ணித் தொட்டியைப் பகலில் நன்றாகக் குளிர வைத்துவிட்டால் இரவில் கம்ப்ரசர் பாதி நேரம் ஓய்வெடுக்கலாம். பகலில் உறைந்த ஐஸ் பாரைத் தெர்மோகோல் அறையில் அடுக்கினால் விடியக்காலையில் படகுக்கு ஏற்றலாம். மின்சாரம் ஐஸாக மாறி ராத்திரியைக் கடந்துவிடுகிறது. லித்தியம் வேண்டாம், இறக்குமதி வேண்டாம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இருக்கும் ஐஸ் கம்பெனிகள் எல்லாம் பகலுக்கு மாறினால் இந்தக் கரையின் மாலைநேரச் சுமை கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும்.

தடைக்காலம் கூட இங்கே உதவிக்கு வருகிறது. நாங்கள் ஓட்டாத அந்த 61 நாளும் ஆண்டின் உச்ச வெயில். எங்கள் கூரையிலிருந்து ஏறத்தாழ 9,760 யூனிட் அப்படியே வாரியத்தின் கம்பிக்குப் போகும். தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது 2024 மே 2-ஆம் தேதி, தடைக்காலத்தின் நடுவில். நாங்கள் சும்மா இருக்கும் நாளில்தான் மாநிலத்துக்கு அதிகம் தேவைப்படுகிறது. இந்தக் கணக்கு வந்த பிறகு மே மாசத்து அமைதி எனக்குப் பழைய மாதிரிக் கேட்கவில்லை.

ஆகவே என் வரிசை இப்படி: கூரையும் ஐஸும் இந்த ஆண்டே, யாரையும் கேட்காமல். கருவேல நிலத்தில் சூரியன், கூட்டாகப் பேசி, வரத்துக்காலைக் காத்து. கடலில் காற்று, மீனவர் வரைபடத்துக்குப் பின். யூனிட் கணக்கில் முதலாவது மிகச் சிறியது, மூன்றாவது பெரியது. நாட்டுக்கு மூன்றாவது இல்லாமல் தீராது. ஆனாலும் முதலாவதைச் செய்து கையில் மீட்டர் வைத்திருப்பவன் மூன்றாவதைப் பற்றிப் பேசும்போது ஏமாற்றுவது கடினம்.

மச்சான் மூன்று ஏக்கரை மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. தகட்டுப் பாரத்தை எங்கள் கூரையின் இரும்புச் சட்டம் தாங்குமா என்று பார்க்க ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார், இரண்டு இடத்தில் இரும்புப் பட்டை மாற்ற வேண்டுமாம்.

சங்கத்தில் வரைபட வேலை தொடங்கிவிட்டது. பெரிய தாளில் கரையை வரைந்து, மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டான பார்களில் எந்தப் பார் யாருக்கு, எந்த வலைக்கு, எந்த மாசம் என்று ஜிபிஎஸ்ஸில் இருக்கும் புள்ளிகளைக் குறிக்கிறோம். அன்று கோபப்பட்டு எழுந்த பெரியவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்களின் பெயரைச் சொல்கிறார். பாதிக்கு மேல் குறித்த பிறகு அவரே நிறுத்தி, இது கச்சான் காலத்துக்குத்தான் சரி, வாடை திரும்பினால் மீன் வேறு பாருக்குப் போகும் என்றார். இரண்டாவது தாள் வாங்கி வைத்திருக்கிறோம். அதை ஐப்பசிக்குப் பிறகுதான் நிரப்ப முடியும்.